திறந்த வைஃபை கார்டு: சில குறிப்புகள்

வேடசந்தூர் ஆத்துமேட்டுக் கடையில் பழைய யூஎஸ்பி வைஃபை டாங்கிள் ஒன்று கிடைத்தது. மூடியை நெம்பிப் பார்த்தேன். உள்ளே ஏஆர்9271 சிப். "அது பழசுண்ணே, ஸ்பீடு வராது. புதுசு எடுத்துக்கங்க" என்றார் கடைத் தம்பி. இதுதான் வேண்டும் என்று வாங்கி வந்தேன். இந்தச் சிப்புக்குள் ஓடும் ஃபர்ம்வேரின் மூல நிரல் 2013-இல் வெளியானது. யார் வேண்டுமானாலும் படிக்கலாம், திருத்தலாம், திரும்ப ஏற்றலாம். புது டாங்கிள்கள் பெரும்பாலானவற்றில் அது பூட்டியே வருகிறது.

*

வைஃபை கார்டு நான்கு அடுக்கு. ஆன்டெனாவை ஒட்டிய ரேடியோ. அலையைப் பிட்டாகவும் பிட்டை அலையாகவும் மாற்றும் பேஸ்பேண்ட். யார் எப்போது பேசலாம் என்று முறை வைக்கும் மேக். கடைசியாக, கணினிக்குள் இருக்கும் டிரைவர். லினக்ஸில் டிரைவர் திறந்திருக்கிறது என்று சொல்லும்போது இந்த நான்கில் ஒன்றைத்தான் சொல்கிறோம்.

*

மற்ற மூன்றைத் திறப்பது ஏன் கடினம்? 2.4 கிகாஹெர்ட்ஸில் ஒரு பாக்கெட் வந்து முடிந்த 10 மைக்ரோநொடியில் 'கிடைத்தது' என்ற பதில் கிளம்பியாக வேண்டும். கணினியில் ஓடும் சாதாரண நிரலுக்கு அந்த வேகம் கைகூடாது. வேலை சிப்புக்குள் போய்விடுகிறது. சிப்புக்குள் போனது பெரும்பாலும் நம் கண்ணுக்கு மறைந்துவிடுகிறது.

*

அந்த அடுக்குகளைத் திறந்து காட்டிய ஒரு முயற்சி, ஓபன்வைஃபை. பெல்ஜியத்தின் கென்ட் பல்கலைக்கழகமும் ஐமெக் நிறுவனமும் சேர்ந்த ஆய்வுக்குழுவில் சியான்ஜுன் ஜியாவ் முன்னின்று செய்தது; 2019-இல் வெளிவந்தது. பேஸ்பேண்டையும், மேக்கில் அவசரமான பகுதியையும் எஃப்பிஜிஏவில் எழுதியிருக்கிறார்கள். நாம் எழுதித் தரும் வடிவத்துக்கு ஏற்பத் தன் சுற்றை அமைத்துக்கொள்ளும் சிப் அது. அவசரமில்லாத மேல்வேலையை அதே போர்டிலுள்ள ஏஆர்எம் செயலி லினக்ஸில் பார்த்துக்கொள்கிறது. ரேடியோவுக்கு மட்டும் ஏடி9361 என்ற கடைச் சரக்கு. அதன் உள்கட்டு நமக்குத் தெரியாது. நான்கில் மூன்று திறந்தாயிற்று.

இந்தப் போர்டின் விலை அதிகம். ஊரில் எல்லாரும் வாங்கக்கூடியது அல்ல. ஆனால் ஒரு கல்லூரி ஆய்வகத்தில் ஒரு போர்டு இருந்தால், வைஃபை எப்படிப் பேசுகிறது என்பதை மாணவர்கள் வரி வரியாகப் படிக்கலாம்.

*

நிரல் திறந்திருப்பதால் ஊருக்கு என்ன என்று கேட்பவர்களிடம் நான் தேனியைச் சொல்வேன்.

மதுரை அரவிந்த் கண் மருத்துவமனையின் தேனிக் கிளையிலிருந்து சுற்றுப்புறத்துக் கண் பரிசோதனை மையங்களுக்கு, 2000-களின் நடுவில் வைஃபை வழியே இணைப்புக் கொடுத்தார்கள். கலிபோர்னியாவின் பெர்க்லி பல்கலைக்கழகத்தில் எரிக் புரூவரின் குழு உடன் நின்றது. தொடக்கத்தில் ஐந்து மையங்கள். மிக நீண்ட தாவல் 15 கிலோமீட்டர். கிராமத்து மையத்தில் உதவியாளர் கண்ணைப் பரிசோதிப்பார். தேனியில் இருக்கும் டாக்டர் வீடியோவில் நோயாளியோடு பேசுவார். ஒரு கிழவிக்கு பஸ் செலவும் ஒருநாள் கூலியும் மிச்சம்.

வைஃபை வீட்டுக்குள் பேசப் பிறந்தது. 15 கிலோமீட்டர் போனால் பதில் வருவதற்குள் 'வரவில்லை' என்று முடிவுகட்டி, அதே பாக்கெட்டை மறுபடி அனுப்பும். அந்தக் குழு மேட்வைஃபை டிரைவரைத் திருத்தி, ஒவ்வொரு பாக்கெட்டுக்கும் பதில் கேட்கும் பழக்கத்தை நிறுத்தியது. இரு முனைகளும் நேரத்தைப் பங்குபோட்டு மாறி மாறிப் பேசின. பல பாக்கெட்டுகளுக்குச் சேர்த்து ஒரே பதில். 2007-இல் வெளியிட்ட கட்டுரையில் வேகம் இரண்டிலிருந்து ஐந்து மடங்கு கூடியதாகக் காட்டினார்கள். அன்று அந்த டிரைவரிலும் ஒரு துண்டு மூடியே இருந்தது. திறந்திருந்த பகுதியை வைத்தே இவ்வளவு செய்தார்கள்.

*

கணக்கு. அலை ஒரு கிலோமீட்டர் போக 3.3 மைக்ரோநொடி. வேடசந்தூரிலிருந்து திண்டுக்கல் 20 கிலோமீட்டர் என்று வைத்தால் போக 67, போய்வர 133. எத்தனை மைக்ரோநொடி காத்திருப்பது என்ற எண்ணை என் ஊரின் தூரத்துக்கு நானே மாற்ற முடியவேண்டும். திறந்த கார்டு என்று நான் கேட்பதன் சாரம் இவ்வளவுதான்.

*

சட்டத்தையும் குறித்துவைக்க வேண்டும். இந்தியாவில் 2005-இல் 2.4 கிகாஹெர்ட்ஸ் அலைவரிசைக்கு உரிமம் தேவையில்லை என்று ஆனது. 2018-இல் 5 கிகாஹெர்ட்ஸில் பெரும்பகுதி திறந்தது. அனுப்பும் சக்திக்கு வரம்பு உண்டு. அந்த வரம்பை மதிப்பது திறந்த கார்டு செய்பவரின் பொறுப்பு. பூட்டினால்தான் ஒழுங்கு வரும் என்பதை நான் ஏற்கவில்லை. நிரல் கண்முன்னே இருந்தால், வரம்பு மீறப்படுகிறதா என்று யாரும் சரிபார்க்கலாம்.

*

நிரல் மட்டும் திறந்திருந்தால் போதாது. போன கோடை மழையில் மொட்டைமாடியில் வைத்திருந்த என் ரூட்டர் போர்டு போய்விட்டது. இடி நேராக விழவில்லை. கரண்ட் போய் வந்த ஒரே இழுப்பில் முடிந்தது. ரேடியோ சிப்பில் பழுதில்லை. மின்சாரம் நுழையும் இடத்தில் ஒரு சிறு பாகம் கருகியிருந்தது. எது, என்ன மதிப்பு என்று பார்க்க வரைபடம் இல்லை. போர்டு முழுவதும் குப்பைக்குப் போயிற்று.

தேனி இணைப்பைக் காப்பாற்றியவர்கள் 2008-இல் எழுதிய அனுபவக் கட்டுரையும் இதையே சொல்கிறது. கிராமத்து வைஃபையைப் பெரும்பாலும் சாய்த்தது மின்சாரத்தின் ஏற்ற இறக்கம். நூற்பாலைகள் சூழ்ந்த எங்கள் ஊரில் இதை யாரும் எனக்குச் சொல்லித் தர வேண்டியதில்லை.

*

செய்ய வேண்டியவை:

இன்னொரு ஏஆர்9271 தேடுவது. இரண்டையும் கொண்டு குடகனாற்றின் இரு கரைகளிலிருந்து பேசிப் பார்ப்பது.

ஃபர்ம்வேர் நிரலில் காத்திருக்கும் நேரம் எங்கே எழுதப்பட்டிருக்கிறது என்று தேடுவது.

பேஸ்பேண்ட் எழுத எனக்கு ஆண்டுகள் ஆகும். மின்சாரம் நுழையும் பகுதியை இப்போதே வரையலாம். மின்னழுத்தம் எகிறினால் தாங்கிக்கொள்ள, இறங்கினால் துண்டித்துக்கொள்ள ஒரு சிறு போர்டு. பாகங்கள் திண்டுக்கல்லிலேயே கிடைப்பவையாக இருக்கட்டும். வரைபடம் எல்லாருக்கும். இன்று ராத்திரி முதல் கோடு.