'தாய்மொழி' என்னும் பத்தியில் அடங்காத பதினொரு வீடுகள்

ஆந்திரத்தில் பத்தாம் வகுப்பு முடித்த பிள்ளையிடம் ஊரார் கேட்கும் கேள்வி ஒன்றே: எம்.பி.சி.யா, பை.பி.சி.யா? முன்னது பொறியியலுக்கு, பின்னது மருத்துவத்துக்கு. வணிகவியல் நாடுவோர்க்கு சி.இ.சி.; எஞ்சியோர்க்கு எச்.இ.சி. இந்த எழுத்துக்கூட்டுகள் எதிலும் சமூகவியலுக்கு இடமில்லை. சித்தூரில் நான் விசாரித்த கல்லூரியொன்றின் அலுவலகத்தில், அது பட்டப்படிப்பில் வரும் பாடம் என்று சொல்லி விண்ணப்பத்தைத் திருப்பித் தந்தார்கள். நடுவண் பாடத்திட்டப் பள்ளியொன்றில் கலைப்பிரிவு இருந்தமையால், திருப்பதியில் அத்தை வீட்டில் தங்கிப் பதினோராம், பன்னிரண்டாம் வகுப்புகளைப் படித்தேன். வகுப்பில் நாங்கள் ஒன்பது பேர். அத்தையின் பக்கத்து வீட்டார் இரண்டாண்டுகளும் என்னைச் 'சமூக சேவை படிக்கிற பையன்' என்றே அறிந்திருந்தனர்.

என்.சி.இ.ஆர்.டி.யின் பதினோராம் வகுப்பு நூல், நன்றாகப் படித்தால் முன்னேறலாம் என்று மாணவர்களுக்குச் சொல்லப்படும் அறிவுரையை எடுத்துக்கொண்டு, அது எவ்வளவு தூரம் உண்மை என்று கேட்டுத் தொடங்கும். சி. ரைட் மில்ஸ் 1959-இல் வெளியிட்ட நூலில் தனிமனிதரின் இடர்ப்பாட்டுக்கும் பொதுச் சிக்கலுக்கும் இடையே வரைந்த கோடு அங்கேயே அறிமுகமாகிவிடும். பதினாறு வயதில் இதைப் படிப்பதற்கும் இருபத்திரண்டில் படிப்பதற்கும் வேறுபாடு உண்டு. பதினாறில் அது கோட்பாடாக வருவதில்லை. வீட்டில் நேற்றிரவு நடந்த பேச்சுக்கு விளக்கமாக வருகிறது.

எண்பது மதிப்பெண் எழுத்துத் தேர்வு. எஞ்சிய இருபது செய்முறைக்கு. இந்த இருபதைப் பற்றியே எழுத விரும்புகிறேன். வகுப்பில் பலர் திருப்பதி கங்கம்மா ஜாத்திரையை எடுத்தார்கள். ஆண்கள் பெண் வேடம் தரிக்கும் விழா அது. ஜாய்ஸ் ஃப்ளூக்கிகர் அதைப் பற்றி ஒரு முழு நூலே எழுதியிருக்கிறார். நான் எடுத்தது அதைவிட மிகச் சாதாரணமான ஒன்று: சித்தூரில் எங்கள் தெருவில் நாற்பது வீடுகளில் தாய்மொழி எது என்று கேட்பது.

வினாவை நானாக ஆக்கவில்லை. மக்கள்தொகைக் கணக்கெடுப்பின் வரையறையையே எடுத்துக்கொண்டேன்: ஒருவருடைய குழந்தைப் பருவத்தில் அவர் தாய் அவரிடம் பேசிய மொழி. கேட்பதற்கு இதைவிடத் தெளிவான கேள்வி இருக்க முடியாது. நாற்பதில் பதினொரு வீடுகளில் ஒற்றை விடை கிடைக்கவில்லை. பூக்கட்டும் அம்மா ஒருவர், "எங்கம்மா தமிழுதான் பேசும். ஆனா வளத்தது பெரியம்மா, அது தெலுங்கு. ரெண்டுலயும் திட்டு வாங்கியிருக்கேன், எதுன்னு எழுதிக்குவ?" என்றார். மற்றொரு வீட்டில் தாத்தா தமிழ் என்றார். அவருடைய சொந்தத் தம்பி அடுத்த அறையிலிருந்து தெலுங்கு என்றார். இருவரையும் பெற்றவர் ஒருவரே. இன்னொருவர், "பசங்க படிக்கிறது தெலுங்குல. தெலுங்குன்னே போட்டுக்கோ கண்ணு, நாளைக்கு எதுக்காவது ஆகும்" என்றார்.

எங்கள் ஆசிரியை இந்தப் பதினொன்றையும் பெரும்பான்மை விடைக்குள் சேர்க்க விடவில்லை. 'ஒரு மொழியில் அடங்காதவை' என்று தனி வரிசை போடச் சொன்னார். புறத்தேர்வாளர் நேர்முகத்தில் அந்த ஒரு வரிசையைப் பற்றி மட்டுமே கேட்டார்.

இதில் விளையாட்டான செய்தி ஒன்றுமில்லை என்பது பிறகே விளங்கியது. 1911-இல் வடஆர்க்காட்டிலிருந்தும் கடப்பையிலிருந்தும் பகுதிகளைப் பிரித்து உருவாக்கப்பட்ட மாவட்டம் சித்தூர். 1953-இல் ஆந்திரம் பிரிந்தபோது அதனோடு போனது. வடக்கெல்லைப் போராட்டத்தின் தொடர்ச்சியாக எச்.வி. படாஸ்கர் நடுவராக அமைந்தார். கிராமமே அலகு, மொழிப் பெரும்பான்மை, நிலத்தொடர்ச்சி என்பவை அவர் பெயரால் வழங்கும் அளவுகோல்கள். 1960 ஏப்ரல் 1 அன்று திருத்தணி சென்னை மாநிலத்துக்கு வந்தது. சித்தூர் ஆந்திரத்திலேயே இருந்தது. கிராமந்தோறும் பெரும்பான்மை எது என்பதை முடிவுசெய்தது, கணக்கெடுப்பாளரின் அதே ஒரு கேள்விக்கு மக்கள் சொன்ன ஒரு சொல் விடை. எங்கள் தெருவைப் போன்ற தெருக்கள் எத்தனை என்பதற்கு அந்தப் பட்டியலில் பத்தி கிடையாது.

பெர்னார்டு கோன், குடியேற்ற அரசின் கணக்கெடுப்பு மக்களை எண்ணியதோடு நில்லாமல், தம்மை ஒரு பொருளாக வெளியே நிறுத்திப் பார்க்கவும் வகை பிரித்துச் சொல்லவும் அவர்களைப் பழக்கியது என்று வாதிட்டார். முதுகலையில் அக்கட்டுரையைப் படித்தபோது என் நண்பர்கள் சாதியை நினைத்தார்கள். எனக்கு அடுத்த அறையிலிருந்து குரல் கொடுத்த தம்பியே நினைவுக்கு வந்தார். இருப்பினும் கோனிடம் எனக்கு ஒரு மனத்தாங்கல் உண்டு. "நாளைக்கு எதுக்காவது ஆகும்" என்று சொன்னவர் பழக்கப்பட்டவர் மட்டுமல்லர், கணக்குப் போட்டவரும்கூட. அரசின் பத்தியை அவர் தமக்காகப் பயன்படுத்திக்கொண்டார். அந்தக் கணக்கை எழுதவே என் ஆய்வேட்டின் மூன்றாம் இயலோடு ஓராண்டாக மல்லாடுகிறேன்.

மேனிலை வகுப்பில் சமூகவியல் நடத்தும் ஆசிரியர்களிடம் ஒரு வேண்டுகோள். இருபது மதிப்பெண்தானே என்று இணையத்திலிருந்து எடுத்து ஒட்டிய செய்முறை ஏடுகளை ஏற்காதீர்கள். பொருந்தாத விடையைக் கொண்டுவரும் மாணவரிடம் அதை அடித்துத் திருத்தச் சொல்லாதீர்கள்.

2011-க்குப் பிறகு முதன்முறையாக, 2027 மார்ச் 1-ஐக் குறிப்புநாளாகக் கொண்டு கணக்கெடுப்பு அறிவிக்கப்பட்டிருக்கிறது. சித்தூர், நகரி, புத்தூர்ப் பக்கம் படிக்கும் தம்பி தங்கையர் யாரேனும் இதை வாசித்தால், கணக்கெடுப்பாளர் வரும்போது உங்கள் வீட்டில் இந்த வினாவுக்கு யார் விடை சொல்கிறார்கள், அடுத்த அறையிலிருந்து யார் மறுக்கிறார்கள் என்பதைக் குறித்துவைத்து எனக்கு எழுதுங்கள்.