மைக் செட்காரர் பொண்ணும் ஒயர் இல்லாத லைட்டும்

நான் ஃபைனல் இயர் ஈசிஇ. எல்கேஜில இருந்து இங்கிலீஷ் மீடியம். அதனால எழுத்துல தப்பு இருந்தா எடிட்டர் டீமைத் திட்டுங்க, என்னை விட்டுடுங்க.

அடுத்த வருஷம் சிம்போசியம், டிபார்ட்மென்ட் டே, ஃபேர்வெல் எல்லாம் நீங்கதான் நடத்தப் போறீங்க. முதல் மீட்டிங்லயே யாராவது ஒருத்தர் எழுந்து, "பேட்டரி அப்லைட் வாடகைக்கு எடுக்கலாம், ஒயரே வேண்டாம், செம லுக்கா இருக்கும்"னு சொல்வாங்க. போன வருஷம் அப்படிச் சொன்ன ஆள் நான். ஆனா நான் சொன்னது காலேஜ்ல இல்லை, எங்க அக்கா கல்யாண ரிசப்ஷன்ல.

அப்லைட்னா தெரியும்ல? தரையில வெச்சு, சுவர் மேலயோ தூண் மேலயோ கீழே இருந்து மேல்நோக்கி கலர் அடிக்கிற லைட். நல்லா வெச்சா சாதாரண மண்டபம்கூட சினிமா செட் மாதிரி மாறிடும்.

எங்க அப்பாவுக்கு மைக் செட் தொழில். ஊர் தாராபுரம் பக்கம். குழல் ஸ்பீக்கர், சீரியல் செட், டியூப் லைட்ல ஆரம்பிச்சு இப்போ எல்இடி ஃபோகஸ் வரைக்கும் வந்திருக்கார். எனக்கு விவரம் தெரிஞ்ச நாள்ல இருந்து எங்க வீட்டுத் திண்ணையில ஒயர் சுருள் இருக்கும். அவர் வலது உள்ளங்கையில ஒரு தழும்பு இருக்கு. ஒரு கோயில் திருவிழாவுல மழை பெய்யும்போது, தோல் உரிஞ்ச ஒயர் ஒண்ணு இரும்புக் கம்பத்துல பட்டிருந்தது தெரியாம அந்தக் கம்பத்தைப் பிடிச்சுட்டார். பக்கத்துல இருந்தவர் மெயினை ஆஃப் பண்ணதால இன்னைக்கு எங்களுக்கு அப்பா இருக்கார்.

அதனால அக்கா ரிசப்ஷனுக்கு நான் ரெண்டு விஷயத்துல உறுதியா இருந்தேன். ஒண்ணு, கூட்டம் நடமாடுற இடத்துல 230 வோல்ட் ஒயர் ஒண்ணுகூட ஓடக்கூடாது. ரெண்டு, ஊர்ல இருக்கிற எல்லார் வீட்டு விசேஷத்துக்கும் லைட் கட்டின மனுஷன், தன் பொண்ணு விசேஷத்துல ஒரு நாளாவது ஒயரைத் தொடாம நிக்கணும். "லைட்டை நான் பாத்துக்கறேன்பா. நீங்க பட்டு வேட்டி கட்டிட்டு வாசல்ல நின்னு வரவங்களக் கூப்பிடுங்க, போதும்"னு சொல்லிட்டேன். அவரும் சிரிச்சுட்டு சரின்னார்.

வெளியூர்ல ஒரு கடையில பன்னிரண்டு பேட்டரி அப்லைட் வாடகைக்கு எடுத்தேன். பெட்டி மேல "10 மணி நேரம்"னு போட்டிருந்தது. ரிசப்ஷன் ஆறரைக்கு ஆரம்பிச்சு பத்தரைக்கு முடியும். நாலு மணி நேரம்தானே, தாராளம்னு நெனச்சேன். மூன்றரை மணிக்கு எல்லாத்தையும் தூணுக்கு ஒண்ணா வெச்சு, மேடை பேக்டிராப்புக்குப் பின்னாடி நாலு வெச்சு, மஞ்சள் கலந்த வெள்ளை கலர் செட் பண்ணேன். பூ அலங்காரம் பண்றவங்க கலர் பாக்கணும்னாங்க. ஆன் பண்ணேன். அதுக்கப்புறம் ஆஃப் பண்ணவே இல்லை.

8.10க்கு முதல் லைட் அணைஞ்சது. ஒண்ணுதானேன்னு அதை எடுத்து ஓரமா ஒளிச்சு வெச்சேன். அஞ்சு நிமிஷத்துல அடுத்தது. மாமா, சித்தப்பா குடும்பமெல்லாம் போட்டோவுக்கு மேடை ஏறின நேரத்துல பேக்டிராப் பாதி கருப்பாயிடுச்சு. "கரண்ட் போச்சா?"ன்னு யாரோ கேட்டாங்க. மண்டபத்துக்காரர் நல்ல எண்ணத்துல எல்லா டியூப் லைட்டையும் போட்டுவிட்டார். பட்டுப் புடவையோட தரையில உக்காந்து நான் ஸ்விட்சை மாத்தி மாத்தி அமுக்கிட்டிருந்தேன்.

அப்பா வாசல்ல இருந்து வந்தார். லைட்டைப் பாத்தார், என்னைப் பாத்தார். ஒண்ணும் சொல்லல. வேட்டியை மடிச்சுக் கட்டிட்டு வெளியே வண்டிக்குப் போனார். நாலு ஃபோகஸ் லைட், ஒயர் சுருள், மஞ்சள் ஜெலட்டின் பேப்பரோட திரும்பி வந்தார். சுவர் ஓரமாவே ஒயரை ஓட்டி, டேப் ஒட்டி, பதினஞ்சு நிமிஷத்துல மேடையைச் சரி பண்ணிட்டார். அப்படியே மேடை ஏறி அக்கா பக்கத்துல நின்னார். ஆல்பத்துல அந்த போட்டோ இருக்கு. பட்டுச் சட்டை, இடது கை மணிக்கட்டுல வளையல் மாதிரி இன்சுலேஷன் டேப். கழட்ட மறந்துட்டார்.

அன்னைக்கு ராத்திரி பாத்திரம் எல்லாம் ஏத்தி முடிச்சப்புறம் ஒரே ஒரு கேள்விதான் கேட்டார். "சார்ஜ் எப்ப கண்ணு போட்ட?"

"கடைக்காரர் போட்டிருப்பார்பா"ன்னேன். சொல்லும்போதே எனக்கு அசிங்கமா இருந்தது. மூணு வருஷம் ஈசிஇ படிச்சவ சொல்ற பதிலா அது?

லைட்டைத் திருப்பிக் கொடுக்கப் போனப்ப ஒண்ணை மட்டும் ரெண்டு நாள் கூட வெச்சுக்கறேன்னு கேட்டு வாங்கிட்டு வந்தேன். பிளக்ல மாட்டுற பவர் மீட்டர் ஒண்ணு வாங்கினேன். பேட்டரி முழுசா ஏறினப்புறம், சார்ஜர் வழியா லைட் எவ்வளவு இழுக்குதுன்னு பாத்தேன்.

பேட்டரி மேல 11.1 வோல்ட், 12 ஆம்பியர் அவர்னு எழுதியிருந்தது. பெருக்கினா 133 வாட் அவர். சிவப்பு மட்டும் போட்டா லைட் இழுத்தது 12 வாட். 133ஐ 12ஆல வகுத்தா 11 மணி நேரம். அப்போ பெட்டி பொய் சொல்லல. நான் வெச்ச மஞ்சள் கலந்த வெள்ளைக்கு மூணு கலர் எல்இடி எரியணும். அது 29 வாட். வகுத்தா நாலரை மணி நேரம் சொச்சம். மூன்றரைக்கு ஆன் பண்ணேன், 8.10க்கு அணைஞ்சது. கணக்கு கிட்டத்தட்ட அப்படியே வருது! ஆறு கலரும் முழுசா எரிஞ்சா 44 வாட், மூணு மணி நேரம்தான்.

இதுல இன்னொரு விஷயமும் பிடிபட்டது. அதே கலரை பாதியா டிம் பண்ணா 16 வாட்தான், எட்டு மணி நேரம் வரும். ஆனா கண்ணுக்கு பாதி வெளிச்சமா தெரியாது. நம்ம கண்ணு வெளிச்சத்தை நேர்கோட்டுக் கணக்குல பாக்கறதில்லை. பாதி பவர்ல எரியறது முக்கால்வாசி மாதிரி தெரியும். இருட்டின ஹால்ல அது தாராளம்.

அதனால வாடகைக்கு எடுக்கும்போது "எத்தனை மணி நேரம் வரும்?"னு மட்டும் கேக்காதீங்க. "எந்தக் கலர்ல, எவ்வளவு பிரைட்ல?"ன்னு கேளுங்க. பேட்டரிக்கு எத்தனை வயசுன்னும் கேளுங்க. லித்தியம் பேட்டரி சார்ஜ் ஏறி இறங்க ஏறி இறங்க கொஞ்சம் கொஞ்சமா கொள்ளளவை இழக்கும். புதுசுல இருந்த 133 எப்பவும் இருக்காது. "18 வாட் எல்இடி ஆறு"ன்னு போட்டிருந்தா 108 வாட் வெளிச்சம்னு நம்பிடாதீங்க. ஆறு கலர் சேர்ந்த எல்இடியில ஒவ்வொரு கலருக்கும் 3 வாட்னு கூட்டின கணக்கு அது. நான் அளந்தது அந்த மாதிரி லைட்தான், 44ஐத் தாண்டல.

இப்போ காலேஜ் கதைக்கு வரேன். இந்த வருஷம் பிப்ரவரியில எங்க டிபார்ட்மென்ட் டே. திறந்தவெளி மேடை, பக்கத்துல ரெண்டு வேப்ப மரம், பின்னாடி எங்க பிளாக் தூண்கள். லைட் பொறுப்பு எனக்கே வந்தது. அப்பாவுக்கு போன் பண்ணேன். அவர் சொன்னது இதுதான்: "பிளக் பக்கத்துல இருக்கிற எடத்துக்கு எதுக்குக் கண்ணு பேட்டரி? ஆளு நடக்கற எடத்துக்கு மட்டும் வெய்யி."

மீட்டிங்ல நாங்க ஒரு மணி நேரம் பேசி முடிவு பண்ணாததை அவர் ஒரே வரியில முடிச்சுட்டார். மேடைக்கு ஒயர் உள்ள சாதாரண பார் லைட். அது விடிய விடிய எரியும், வாடகையும் குறைவு. மரத்தடிக்கும் தூணுக்கும் மட்டும் பேட்டரி லைட், மொத்தம் பத்து.

அடுத்த தலைவலி வயர்லெஸ். இந்த லைட்டுகளை டிஎம்எக்ஸ்னு ஒரு சிக்னல் மூலமா கன்ட்ரோல் பண்ணலாம். ஒரு லைன்ல 512 சேனல், ஒவ்வொண்ணுலயும் 0ல இருந்து 255 வரைக்கும் மதிப்பு. ஒயர் இல்லாம அதை அனுப்பறப்ப பெரும்பாலும் 2.4 கிகாஹெர்ட்ஸ். வைஃபை, ப்ளூடூத், உங்க ஹாட்ஸ்பாட் எல்லாம் குடியிருக்கிற அதே தெரு. ஆள் இல்லாத மதியம் ரிகர்சல்ல எல்லாம் சூப்பரா வேலை செஞ்சது. சந்தேகத்துல, சாயங்காலம் பசங்க கூடினப்ப மறுபடி சோதிச்சோம். தூரத்து மரத்தடி லைட் ரெண்டு திடீர்னு ரெயின்போ மாதிரி கலர் மாறி ஓட ஆரம்பிச்சது. சிக்னல் விட்டுப் போனா தானா ஆட்டோ மோடுக்குப் போற மாதிரி செட்டிங் இருந்திருக்கு. லைட் தரையில இருக்கு, நடுவுல நூறு பேர் நிக்கறாங்க. மனுஷ உடம்புல பாதிக்கு மேல தண்ணி, அது இந்த சிக்னலை நல்லாவே குடிச்சுடும். டிரான்ஸ்மிட்டரை தலைக்கு மேல உயரத்துல கட்டினதும் பெருமளவு சரியாச்சு. சிக்னல் போனா கடைசிக் கலர்லயே நிக்கணும்னு செட்டிங்கையும் மாத்தினோம்.

அப்புறம் ஒரு ஜூனியர் கேட்டான்: "அக்கா, மரம் பச்சையாவே இருக்கப் போகுது, அதுக்கு எதுக்கு சிக்னல்?" அதானே! மரத்தடி நாலு லைட்டையும் நேரடியா ஒரே கலர்ல செட் பண்ணி விட்டுட்டோம். நிகழ்ச்சி நடுவுல கலர் மாறணும்னா மட்டும்தான் வயர்லெஸ் வேணும்.

இன்னும் சில சின்ன விஷயங்கள், எல்லாம் பட்டுத் தெரிஞ்சுக்கிட்டது. தூணுக்கு குறுகலான பீம் வாங்குங்க, அரை அடி ஒரு அடி தள்ளி வெச்சா உச்சி வரைக்கும் ஏறும். சுவருக்கு அகலமான பீம். பளபளக்கற டைல்ஸ் சுவர்ல அடிச்சா கலர் பரவாது, லைட்டோட பிம்பம்தான் புள்ளியா தெரியும். நீலம், பச்சையை மனுஷங்க மூஞ்சியில படாம வைங்க, இல்லாட்டி போட்டோல ஹெச்ஓடிக்குக் காய்ச்சல் வந்த மாதிரி இருக்கும். யூவி போட்டா வெள்ளைச் சட்டை, வேட்டி எல்லாம் தனியா மின்னும், துணி சோப்புல இருக்கிற வெண்மை தர்ற கெமிக்கல் அந்த வேலையைப் பண்ணும். டிம் பண்ணிட்டு மொபைல் கேமராவுல ஒரு வீடியோ எடுத்துப் பாருங்க, கோடு கோடா ஓடினா அந்த லைட் கேமராவுக்கு ஆகாது. ஐபி65னு போட்டிருந்தா தூசி, தண்ணி தாங்கும். ஆனா சார்ஜிங் ஓட்டையோட ரப்பர் மூடி திறந்திருந்தா அந்த நம்பருக்கு அர்த்தமே இல்லை.

எல்லாத்தையும் விட முக்கியமானது முந்தின நாள். பத்து லைட்டையும் லேப்ல மேஜை மேல இடைவெளி விட்டு வெச்சு, நானும் ரெண்டு ஜூனியரும் கூடவே உக்காந்து சார்ஜ் போட்டோம். பெட்டிக்குள்ள மூடி வெச்சு போடல, போட்டுட்டுத் தூங்கவும் போகல. லித்தியம் பேட்டரி சூடானா அது விளையாட்டு இல்லை. பத்துக்கும் சேர்த்து செலவானது ரெண்டு யூனிட்டுக்கும் கம்மியான கரண்ட்தான். ஒவ்வொரு லைட் மேலயும் மாஸ்கிங் டேப் ஒட்டி, சார்ஜ் முடிஞ்ச நேரத்தை எழுதினோம். அதுல ஒண்ணு ரெண்டு மணி நேரத்துலயே அணைஞ்சது. அதை முந்தின நாளே கண்டுபிடிச்சதால கடையில மாத்தி வாங்க முடிஞ்சது. நிகழ்ச்சி அன்னைக்கு அஞ்சரை வரைக்கும் யாரையும் ஸ்விட்ச்சைத் தொட விடல. கலர் பாக்கணும்னு கேட்டவங்களுக்கு ஒரே ஒரு லைட்டை மட்டும், ஒரே ஒரு நிமிஷம் காட்டினேன்.

பத்தே கால் மணிக்கு நிகழ்ச்சி முடிஞ்சது. பத்தும் எரிஞ்சுட்டுதான் இருந்தது.

ஒயர் இல்லைன்னா வேலை குறையும்னு நான் நெனச்சிருந்தேன். குறையல. ஒயர் இழுக்கிற வேலை, முந்தின நாளுக்கு சார்ஜ் போடற வேலையா மாறிடுச்சு. அப்பா முப்பது வருஷமா ஒவ்வொரு விசேஷத்துக்கும் முந்தின நாள் திண்ணையில உக்காந்து ஒவ்வொரு ஒயரா தடவித் தடவி, உரிஞ்ச இடத்துல டேப் சுத்துவார். அதை நான் பழைய காலத்து ஆளோட பழக்கம்னு நெனச்சிருந்தேன்.

போன வாரம் அவரே போன் பண்ணார். யாரோ செகண்ட் ஹேண்ட்ல ஆறு பேட்டரி லைட் தர்றாங்களாம். "வாங்கலாமான்னு தெரியல. வர்றப்ப உன் மீட்டர எடுத்துட்டு வா கண்ணு, பாத்துட்டுச் சொல்லு"ன்னார். இந்த சனிக்கிழமை ஊருக்குப் போறேன்.

திரும்பி வந்தப்புறம் மீட்டர் ஹாஸ்டல்ல என் ரூம்லதான் இருக்கும். நிகழ்ச்சிக்கு வேணும்னா வந்து வாங்கிக்கோங்க. திருப்பிக் கொடுத்துடுங்க, ப்ளீஸ்.