பொதி சுமக்கும் ஆடு: மலையில் சரி, மணலில்?

‘வெளிநாட்டில் வெள்ளாட்டின் முதுகில் மூட்டை கட்டி, மலையேற்றத்துக்கும் வேட்டைக்கும் கூட்டிப் போகிறார்கள். செல்போனில் பார்த்தேன். எங்கள் வீட்டில் 14 ஆடுகள் இருக்கின்றன. பழவேற்காட்டுக்குப் பறவை பார்க்க வருபவர்களின் சாமான்களைச் சுமக்க ஆடுகளைப் பழக்க முடியுமா? இதற்காகக் கடன் வாங்கிப் பெரிய கிடாக்கள் வாங்கலாமா?’

பொன்னேரி வட்டத்து மீனவ கிராமத்து வாசகர் ஒருவர் அனுப்பிய கேள்வி இது. அந்தப் பகுதியில் பணியாற்றியவன் என்பதால் ஆசிரியர் குழு இதை எனக்கு அனுப்பியது. ‘முடியும்’ அல்லது ‘முடியாது’ என்று ஒரே வரியில் பதில் எழுதியிருக்கலாம். ஆனால் கேள்விக்குள் கடன் என்ற சொல் இருந்ததால், அந்த ஊருக்கே நேரில் போய்ப் பார்த்துவிட்டு எழுதலாம் என்று தோன்றியது. உண்மையிலேயே ஆடுகள் பொதி சுமந்த இமயமலை ஊர் ஒன்றையும் சில ஆண்டுகளுக்கு முன் பார்த்திருக்கிறேன். இரண்டு ஊர்களையும் பக்கத்தில் வைத்துப் பார்த்தால் பதில் தானாகவே கிடைக்கும்.

ஆடு சுமந்த உப்பு

உத்தரகாண்ட் மாநிலம் பித்தோராகட் மாவட்டத்தில் இருக்கிறது முன்சியாரி. காத்கோதாம் ரயில் நிலையத்தில் இறங்கி, ஏறக்குறைய 280 கிலோமீட்டர் மலைப்பாதையில் போக வேண்டும். உயரம் சுமார் 2,200 மீட்டர். எதிரே பஞ்சசூலி பனிச்சிகரங்கள். கீழே கோரி கங்கா ஆறு. அந்த ஆற்றை ஒட்டி மேலே போவது ஜோஹார் பள்ளத்தாக்கு. அதன் உச்சியில் மிலம் என்ற கிராமம். அதற்கும் மேலே, 5,000 மீட்டருக்கு மேற்பட்ட உயரத்தில் உள்ள கணவாய்களைத் தாண்டினால் திபெத்.

இந்தப் பள்ளத்தாக்கில் வாழும் ஷௌகா மக்கள் பல தலைமுறைகளாக வணிகர்கள். இங்கிருந்து தானியம், வெல்லம், துணி கொண்டு போனார்கள். அங்கிருந்து உப்பு, வெண்காரம், கம்பளி கொண்டு வந்தார்கள். கடலே இல்லாத அந்த மலைநாட்டில் உப்பு என்பது திபெத்து ஏரிக்கரைகளில் கிடைத்த பொருள். அதைச் சுமந்து வந்தவற்றில் பெரும்படை வெள்ளாடும் செம்மறியும்தான்.

முன்சியாரியில் ஒரு சிறிய அருங்காட்சியகம் உண்டு. பழைய வணிகச் சாமான்களைச் சேர்த்து வைத்திருக்கிறார்கள். பொதி ஆட்டின் முதுகில் போட்ட பையும் இருக்கிறது. அதன் பெயர் ‘கர்பச்’. இரட்டைப் பை. கம்பளி நூலில் கெட்டியாக நெய்து, உராயும் இடத்தில் தோல் வைத்துத் தைத்திருக்கிறார்கள். ஒரு பை இந்தப் பக்கம், ஒரு பை அந்தப் பக்கம். எடை இரண்டு பக்கமும் சமமாக இருக்க வேண்டும். நெஞ்சுக்குக் குறுக்கே ஒரு பட்டை, வால் அடியில் ஒரு பட்டை. ஏற்றத்தில் பை பின்னால் சரியாது, இறக்கத்தில் முன்னால் வழியாது.

ஓர் ஆடு சுமந்தது 10 கிலோ சுற்றளவுதான். ‘இவ்வளவுதானா?’ என்று தோன்றும். ஆனால் ஓர் ஆடு அல்ல, நூற்றுக்கணக்கில் போகும். 300 ஆடு என்றால் 3 டன். அந்தக் காலத்து மலைப்பாதையில் 3 டன் சரக்கு என்பது பெரிய விஷயம். பாதையில் ஓர் ஆடு விழுந்தாலும் நட்டம் 10 கிலோ மட்டுமே. இரவில் மூட்டைகளை அடுக்கினால் காற்றுக்குத் தடுப்புச்சுவர். காவலுக்குப் பெரிய மலைநாய்கள்.

அங்கே ஒரு பெரியவரிடம், “ஆட்டுக்குத் தீவனம் எப்படிக் கொண்டு போனீர்கள்?” என்று கேட்டேன். சிரித்தார். “தீவனம் கொண்டு போவதென்றால் ஆடு எதற்கு?” என்றார்.

இந்தப் பதிலில்தான் முழுக் கணக்கும் இருக்கிறது. கோடையில் ஆடுகள் எப்படியும் மேல்மலைப் புல்வெளிக்குப் போக வேண்டும். குளிரில் எப்படியும் கீழே வர வேண்டும். போகிற ஆட்டின் மேல் பொதியை ஏற்றினார்கள், அவ்வளவுதான். தீவனச் செலவு இல்லை. வழியெல்லாம் புல், வழியெல்லாம் ஓடை. கம்பளி தனி வருமானம், வயதானால் இறைச்சி. ஆக, சுமை என்பது அங்கே ஆட்டின் நான்காவது வருமானமே தவிர முதல் வருமானம் அல்ல.

1962-ல் இந்திய – சீனப் போர் வந்தது. கணவாய்கள் மூடப்பட்டன. வணிகம் நின்றது. லிபுலேக் கணவாய் வழியாக 1992-ல் வணிகம் மறுபடி தொடங்கியபோது பெரும்பாலும் கோவேறு கழுதைகள்தான் சுமந்தன. லடாக்கின் சோ கார் உப்பேரியில் உப்பெடுத்து விற்றுவந்த சாங்பா மேய்ப்பர்களின் கதையும் இதுபோலத்தான். சாலையில் வந்த உப்பு மலிவாக இருந்ததால், முதுகில் வந்த உப்பு தோற்றுப்போனது.

செல்போனில் வந்த ஆடு

வாசகர் பார்த்த வீடியோ அனேகமாக அமெரிக்காவாக இருக்கும். அங்கே வயோமிங் மாநிலத்தில் 1970-களில் ஜான் மியோன்சின்ஸ்கி என்பவர், மலையில் காட்டுச் செம்மறிகளைப் பின்தொடர்ந்து ஆய்வு செய்தபோது, தன் கருவிகளைச் சுமக்க வெள்ளாடுகளைப் பழக்கினார். அந்த அனுபவத்தை 1992-ல் புத்தகமாகவும் எழுதினார். பிறகு மலையேறுபவர்களும் வேட்டைக்காரர்களும் பின்பற்றத் தொடங்கினார்கள். வேட்டையாடிய இறைச்சியைக் கரடுமுரடான இடத்திலிருந்து இறக்குவதற்கு ஆடு தோதாக இருந்தது.

ஆனால் அந்த ஆடுகளைக் கவனியுங்கள். சானென், ஆல்பைன் போன்ற பெரிய பால் இனங்களின் காயடித்த கிடாக்கள். 80 முதல் 100 கிலோ எடை. உடல் எடையில் ஐந்தில் ஒரு பங்கு முதல் நாலில் ஒரு பங்கு வரை சுமக்கலாம் என்பது அங்குள்ள பொது விதி. 90 கிலோ கிடா என்றால் 18 முதல் 22 கிலோ. குட்டியிலேயே தாயிடமிருந்து பிரித்துப் புட்டிப்பால் கொடுத்து வளர்ப்பதால், கயிறு இல்லாமலே மனிதர் பின்னால் வரும். எலும்பு முற்றும் வரை, அதாவது மூன்று, நான்கு வயது வரை முழுச்சுமை ஏற்றுவதில்லை.

இன்னொன்று. வளர்ப்பு ஆட்டிடமிருந்து காட்டுச் செம்மறிகளுக்கு நிமோனியா தொற்றிவிடும் என்ற அச்சத்தால், அமெரிக்காவிலேயே சில வனப்பகுதிகளில் பொதி ஆடுகளுக்குத் தடை இருக்கிறது.

வேட்டை என்ற பேச்சே நமக்கு வேண்டாம். 1972-ம் ஆண்டின் வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டப்படி நம் நாட்டில் வேட்டை குற்றம். பழவேற்காடு ஏரியின் தமிழகப் பகுதி 1980 முதல் பறவைகள் சரணாலயம் வேறு.

பழவேற்காட்டு மணலில்

பொன்னேரியிலிருந்து பழவேற்காடு போகும் சாலையில் முதலில் நெல்வயல்கள், பிறகு இறால் பண்ணைகள், பிறகு வேலிக்காத்தான் புதர்கள். காற்றில் உப்பு வாசம் வந்தால் ஊர் வந்துவிட்டது என்று அர்த்தம். சிலிக்காவுக்கு அடுத்து இந்தியாவின் இரண்டாவது பெரிய உவர்நீர் ஏரி இது. ஏரியின் பெரும்பகுதி ஆந்திராவில் இருக்கிறது. நம் பக்கம் தென்முனை. டச்சுக்காரர்கள் 1613-ல் கோட்டை கட்டிய ஊர். இப்போது கோட்டை இருந்த இடத்தில் மேடும் புதரும்தான்.

பாலம் தாண்டி, கலங்கரை விளக்கத்துப் பக்கம் வாசகரின் வீடு. வயது இருபத்தைந்துக்குள் இருக்கும். “வாங்க சார்” என்று பட்டிக்கே கூட்டிப்போனார். எல்லாம் நாட்டு வெள்ளாடு. பெட்டைகள் 20 கிலோ, பெரிய கிடா 25 கிலோ இருக்கலாம்.

“தம்பி, இந்தக் கிடா எவ்வளவு தூக்கும்னு நினைக்கிற?”

“பதினைஞ்சு கிலோ தூக்காதா சார்?”

மணலிலேயே குச்சியால் கணக்குப் போட்டோம். 25 கிலோ கிடாவுக்கு ஐந்தில் ஒரு பங்கு என்றால் 5 கிலோ. சேணமும் பையும் ஒன்றரைக் கிலோ போனால், மிச்சம் மூன்றரைக் கிலோ. பறவை பார்க்க வருபவரின் கேமரா, முக்காலி, தண்ணீர், சாப்பாடு எல்லாம் சேர்த்து 12 கிலோ என்று வைத்தால், ஒரு ஆளுக்கு நான்கு ஆடு வேண்டும். நம் தெற்கத்திக் கன்னி, கொடி இனக் கிடாக்கள் 35 கிலோ சுற்றளவு வரும். அவற்றை வாங்கி வந்தாலும் ஆளுக்கு மூன்று.

அடுத்தது நிலம். ஆட்டின் குளம்பு பாறைக்கும் சரிவுக்கும் அமைந்தது. தளர்ந்த மணலில் புதையும். வழியில் மேய்ச்சல் இல்லை. குடிக்க நல்ல தண்ணீர் இல்லை. மீஞ்சூர் வட்டாரத்தில் நிலத்தடியில் கடல்நீர் புகுந்து அரை நூற்றாண்டுக்கு மேல் ஆகிறது. கடலோரக் குப்பங்களில் மனிதருக்கே குடிநீர் வெளியிலிருந்து வர வேண்டியிருக்கிறது. முன்சியாரிப் பெரியவர் சொன்னது இங்கே அப்படியே தலைகீழாகிறது. தீவனமும் தண்ணீரும் நாமே சுமந்து போக வேண்டுமென்றால், ஆடு எதற்கு?

பொதி விலங்குகளுக்கான வதைத் தடுப்பு விதிகள் 1965-லிருந்து இருக்கின்றன. கழுதைக்கு அதிகபட்சம் 50 கிலோ என்று வரையறை உண்டு. வெயில் 37 டிகிரியைத் தாண்டும் இடத்தில் பகல் 12 மணி முதல் 3 மணி வரை சுமை ஏற்றக் கூடாது. இதைப் பொதுவான அளவுகோலாக வைத்துக்கொண்டாலே, நம் கோடையில் பாதி நாள் வேலை நின்றுவிடும்.

இந்த ஊர் சுமையை எப்போதும் தண்ணீரில்தான் ஏற்றியது. பக்கிங்காம் கால்வாயில் உப்பும் விறகும் படகில் சென்னைக்குப் போன காலம் ஒன்று இருந்தது. மலைக்கு ஆடு எப்படியோ, இந்த ஊருக்குப் படகு அப்படி. தருமபுரி மாவட்டத்துக் கோட்டூர் மலைக்குத் தேர்தல் சமயத்தில் வாக்குப்பதிவு இயந்திரங்கள் கழுதை மேல் போயிருக்கின்றன. எந்த ஊரில் எது சுமக்க வேண்டும் என்பதை அந்த ஊரின் நிலம்தான் தீர்மானிக்கிறது.

கேள்விக்குள் இருந்த கேள்வி

பேசிக்கொண்டிருக்கும்போதே அவருடைய அம்மா வந்தார். தலையில் மீன் கூடை, ஐஸ் உருகி தோளில் வழிந்துகொண்டிருந்தது. கரையிலிருந்து சாலை வரை மணலில் அரைக் கிலோமீட்டர். தினமும் இரண்டு நடை. கூடை 25 கிலோ இருக்கும் என்றார்.

“அம்மாவுக்கு முட்டி வலி சார். முகத்துவாரம் அடைச்சுக்குது, ஏரியில மீனும் குறைஞ்சுபோச்சு. வேற வருமானமும் வேணும், இந்தக் கூடையையும் இறக்கணும். அதான் ஆடு சுமக்குமான்னு கேட்டேன்” என்றார் தம்பி.

அப்போதுதான் கேள்வி முழுதாக விளங்கியது. சுற்றுலாப் பயணி ஒரு சாக்கு. அம்மாவின் கூடைதான் விஷயம். அந்தக் கூடையைச் சுமக்க அவர் பட்டியில் உள்ள கிடா எட்டு வேண்டும். அதைவிடச் சுலபமான வழி, அகலமான பழைய ஸ்கூட்டர் டயர் போட்ட இரண்டு சக்கரத் தள்ளுவண்டி. குறுகிய சைக்கிள் சக்கரம் மணலில் புதையும், அகல டயர் புதையாது. டயரில் காற்றைச் சற்றுக் குறைத்து வைத்தால் இன்னும் நல்லது. உள்ளூர் வெல்டிங் பட்டறையில் செய்து வாங்கலாம். பெரிய கிடா வாங்கக் கடன் வாங்குவதற்குப் பதில், இருக்கிற ஒரு கிடாவை விற்று வண்டி செய்யுங்கள் என்றேன். அம்மா உடனே, “கறுப்புக் கிடாவ வித்துரு” என்றார்.

வாசகருக்கும் மற்றவர்களுக்கும்

1. பொதிக்கென்று கடன் வாங்கி ஆடு வாங்க வேண்டாம். பொதி ஆடு முழுச்சுமைக்குத் தயாராக மூன்று, நான்கு ஆண்டு. இறைச்சிக்கு வளர்க்கும் குட்டி எட்டு, பத்து மாதத்தில் பணமாகிவிடும். வட்டி அதற்குள் ஓடிவிடும்.

2. கடலோரத்தில் ஆட்டை இறைச்சிக்கே வளருங்கள். மணல் மேட்டில், தரையிலிருந்து மூன்று, நான்கு அடி உயரத்தில் பரண் அமைத்தால், மழைக்காலத்தில் குளம்பு அழுகல் குறையும்.

3. பழுத்த வேலிக்காத்தான் காயைச் சேர்த்து வைத்துக் கொடுக்கலாம். அதை மட்டுமே கொடுக்கக் கூடாது. பொன்னேரிப் பக்கம் கிடைக்கும் கடலைக்கொடியும் அகத்தியும் சேர்த்துக் கொடுங்கள். குடிக்க நல்ல தண்ணீர் கட்டாயம்.

4. மழைக்கு முன் துள்ளுமாரி தடுப்பூசி, கால்நடை மருத்துவர் சொல்லும் கால அட்டவணைப்படி ஆட்டுக்கொல்லி நோய்த் தடுப்பூசி போடுங்கள். சரணாலயத்தை ஒட்டியிருக்கும் ஊர்களில் இது இன்னும் முக்கியம்.

5. காயடித்த கிடாவுக்குத் தானியம் அதிகம் கொடுத்தால் சிறுநீர்ப் பாதையில் கல் அடைக்கும். முக்கி முக்கிச் சொட்டுச் சொட்டாகச் சிறுநீர் போனால், அன்றைக்கே மருத்துவரிடம் காட்டுங்கள்.

6. மலையடிவாரத்தில் இருப்பவர்கள் ஆசைக்குப் பழக்கிப் பார்ப்பதில் தவறில்லை. வீட்டில் பிறந்த ஒரு கிடாக்குட்டியைப் புட்டிப்பாலில் பழக்குங்கள். ஆறு மாதத்தில் வெறும் பை. இரண்டு வயதுக்கு மேல் ஒரு கிலோ, இரண்டு கிலோ. முழுச்சுமை நான்கு வயதில். எப்போதும் இரண்டு பக்கமும் சம எடை. காட்டுக்குள் போவதானால் வனத்துறை அனுமதி வேண்டும்.

பழவேற்காட்டுக்குப் பறவை பார்க்கப் போகும் வாசகர்கள் ஐப்பசிக்குப் பிறகு, பங்குனிக்குள் போங்கள். பூநாரைகள் கண்ணில் படும் காலம் அதுதான். உங்கள் மூட்டையை நீங்களே சுமந்துகொள்ளுங்கள். கரையில் கூடையோடு நிற்கும் பெண்களிடம் பேரம் பேசாமல் இரண்டு கிலோ மீன் வாங்கி வாருங்கள். அந்த ஊரின் சுமை குறைய அதுவும் ஒரு வழி.