மக்காச்சோளத்துக்கு எந்த ஊர்?

சின்னசேலத்தில் எங்கள் கொல்லையைத் தாண்டினால் மக்காச்சோளக் காடுதான். கதிர் பால் பிடிக்கும் நாட்களில் பரணில் ஏறிக் கிளி விரட்டியவள் நான். இஸ்தான்புல்லுக்கு வந்த முதல் மாதம், எமினோனு படகுத்துறை ஓரம் ஒருவர் தள்ளுவண்டியில் அதே கதிரைக் கரி நெருப்பில் வாட்டிக்கொண்டிருந்தார். அந்த வாசனைக்குக் கால் தானாக நின்றுவிட்டது. இதற்கு என்ன பெயர் என்று கேட்டேன். "மிஸிர்" என்றார். துருக்கியில் எகிப்து நாட்டுக்கும் மிஸிர் என்றுதான் பெயர். நம் வாயில் அது மக்காச்சோளம். இத்தாலிக்காரர்கள் துருக்கித் தானியம் என்கிறார்கள். பயிரோ மெக்சிகோவில் பிறந்தது.

வான்கோழிக்கும் இதே கதைதான். ஆங்கிலத்தில் அதற்குத் துருக்கியின் பெயர். துருக்கியரோ அதை 'ஹிந்தி', அதாவது இந்தியப் பறவை, என்கிறார்கள். அதுவும் அமெரிக்கக் கண்டத்துப் பறவை.

தானியத்துக்கும் கோழிக்கும் இப்படித் தவறாக ஊர்ப்பெயர் வைப்பதால் யாருக்கும் கேடில்லை. மனிதருக்கு வைக்கும்போதுதான் உறுத்துகிறது. எங்கள் பக்கம் முஸ்லிம்களைத் 'துலுக்கர்' என்பார்கள். துருக்கர் என்பதன் திரிபு அது. நாலு தெரு தள்ளிப் பிறந்து, நம்மைப்போலத் தமிழே பேசி வளர்ந்தவர்களை எங்கிருந்தோ வந்தவர்களாக ஆக்கிவிட்டது அந்த ஒரு சொல். 13-ஆம் நூற்றாண்டில் தில்லியை ஆண்ட ஐபக்கும் இல்துமிஷும் துருக்க இனத்தவர்தான். ஆனால் அவர்களுடைய பூர்வீகம் நடு ஆசியா, இன்றைய துருக்கி நாடல்ல. தமிழகக் கடற்கரைக்கு அதற்கு முன்பே அரபு வணிகர்களோடு இஸ்லாம் வந்துவிட்டது. பள்ளிக்கூடத்தில் என் பக்கத்தில் உட்கார்ந்தவளை நானும் அந்தச் சொல்லால் கூப்பிட்டிருக்கிறேன். இந்த ஊருக்கு வந்தபின் அவள் முகம் அடிக்கடி நினைவுக்கு வருகிறது.

"அங்கெல்லாம் ஒரே மணலாமே, ஒட்டகத்துலயா போவீங்க?" என்று அம்மா போனில் கேட்டபோது என் ஜன்னல் விளிம்பில் ஒரு சாண் பனி கிடந்தது. கருங்கடல் ஓரம் ரிசே என்ற ஊரில் மழையில் நனைந்த தேயிலைத் தோட்டங்களைப் பார்த்தால் நீலகிரி என்றே சொல்வீர்கள். துருக்கி என்றால் காபி என்று உலகம் நினைக்கிறது. இங்கே விடிந்ததிலிருந்து இரவுவரை ஓடுவது டீதான். கீழ்ப்பாத்திரத்தில் வெந்நீர், அதன் தலைமேல் சின்னப் பாத்திரத்தில் கெட்டி டிகாஷன். இடுப்பு சிறுத்த கண்ணாடிக் கிளாஸில் கொஞ்சம் டிகாஷன் விட்டு, வெந்நீரால் நிரப்பித் தருவார்கள். பால் கிடையாது.

"அரபி கத்துக்கிட்டியா?" என்பது அடுத்த கேள்வி. இவர்கள் பேசுவது அரபி இல்லை. 1928 வரை அரபு எழுத்தில் எழுதினார்கள்; அந்த ஆண்டு லத்தீன் எழுத்துக்கு மாறினார்கள். மொழியின் நடையோ நமக்குப் பழகியது. வினை கடைசியில் வரும், உருபுகள் சொல்லின் வாலில் வரிசையாக ஒட்டிக்கொள்ளும். 'எவ்' வீடு, 'எவ்லெர்' வீடுகள், 'எவ்லெரிமிஸ்டென்' எங்கள் வீடுகளிலிருந்து. மொழி வகுப்பில் ஐரோப்பியப் பிள்ளைகள் திணறிய இடத்தில் நான் வேகமாகப் போனேன். இரண்டும் ஒரே குடும்பம் என்று சொல்லவில்லை. அமைப்பு அத்தனை நெருக்கம். உறவுமுறையும் அப்படித்தான். அப்பாவுடன் பிறந்தவள் 'ஹாலா', அம்மாவுடன் பிறந்தவள் 'தெய்ஸே', தாய்மாமன் 'தாயி'. முன்பின் தெரியாத சோளக்காரரையும் 'ஆபி', அதாவது அண்ணே, என்றே கூப்பிடுகிறோம்.

வரலாற்றில் நாம் செய்துகொண்ட பிழை இன்னும் ஆழம். துருக்கிக் கலீபாவுக்காக 1919 முதல் இந்தியாவே கிலாபத் இயக்கம் நடத்தியது. அந்தப் பதவியை 1924 மார்ச் 3 அன்று ஒழித்தது வெள்ளைக்காரன் அல்ல, துருக்கியின் சொந்த நாடாளுமன்றம். மறுபக்கம், தமிழ்நாட்டுச் சுயமரியாதைக்காரர்கள் துருக்கியின் தலைவர் கமால் பாட்சாவைக் கொண்டாடினார்கள். பெரியார் 1931-32 பயணத்தில் இந்த நாட்டுக்கும் வந்துபோனார். ஆக நம்மிடம் இரண்டு படங்கள்: ஒன்று மார்க்கத்தின் காவலன், இன்னொன்று மதத்தை உதறிய நாடு.

என் பக்கத்து வீட்டுத் தெய்ஸே இரண்டிலும் அடங்கமாட்டார். தலையில் முக்காடு, ஐவேளைத் தொழுகை. வரவேற்பறைச் சுவரில் கோட்டு போட்ட கமால் பாட்சாவின் படம்; இங்கே அவர் பெயர் அத்தாதுர்க். வாரம் ஒருமுறை கண்ணாடியைத் துடைத்து நேராக மாட்டுவார். 1934-லேயே தேசியத் தேர்தலில் பெண்களுக்கு வாக்குரிமை வந்ததை, தன் அம்மா வாக்களித்த கதையோடு சேர்த்துச் சொல்வார். அவருடைய மகள் முக்காடு போடுவதில்லை. ஒரே மேசையில்தான் சாப்பிடுகிறார்கள்.

என்னைப் பற்றி அவரும் தவறாகத்தான் நினைத்திருந்தார். என் மொழி ஹிந்தி என்று. தமிழ் என்றேன். மூன்று முறை சொல்லிப் பார்த்து, ழகரத்தில் நின்று, மறுபடி சொன்னார்.

போன கோடையில் நான் ஊருக்குக் கிளம்பியபோது, கார் நகர்ந்ததும் பின்னாலேயே ஒரு சொம்புத் தண்ணீரைத் தெருவில் வீசி ஊற்றினார். தண்ணீர்போலத் தடையில்லாமல் போய்த் திரும்பி வரவேண்டும் என்பது இங்கத்து வழக்கம். சின்னசேலத்தில் அதைச் சொன்னேன். அம்மா ஒன்றும் பேசவில்லை. திரும்பும் நாளில் பெட்டியைத் திறந்து, மொட்டைமாடியில் காயவைத்த ஜவ்வரிசி வடகத்தைப் பொட்டலம் கட்டி வைத்தார்.

"அந்தப் பெரியம்மாவுக்குக் குடு. எண்ணெய் நல்லாக் காஞ்ச பிறகு போடச் சொல்லு."