அப்பாவுக்குக் கேட்காத கீச்சு

லிம் சூ காங் பக்கம் ஒரு செடி நர்சரியில் அப்பா பகுதிநேர வேலை பார்க்கிறார். வயது 67. அங்கே ஒரு பழைய தோட்ட டிராக்டர் இருக்கிறது. உட்கார்ந்தபடியே புல் வெட்டலாம். பின்னால் வண்டி மாட்டி மண்மூட்டையும் இழுக்கலாம். அப்பாவைத் தவிர வேறு யாரும் அதைத் தொடுவதில்லை.

போன மாதம் அது ஏற்றத்தில் நின்றுவிட்டது. என்ஜின் உறுமுகிறது, சக்கரம் நகரவில்லை. காலையில் இருபது நிமிடம் நன்றாக ஓடும், சூடானதும் சோர்ந்துவிடும். "கியர்பாக்ஸ் போச்சு" என்றார் அப்பா. புது கியர்பாக்ஸ் விலைக்கு வேறொரு பழைய வண்டியே கிடைக்கும். காராங்குனிக்குப் போட்டுவிடலாம் என்றாராம் தவுக்கே. வண்டி போனால் தனக்கு அங்கே என்ன வேலை என்று அப்பா கேட்கவில்லை. "சனிக்கிழமை லீவுதானே, வாம்மா, கூட நின்னு பிடிச்சுக்க" என்று மட்டும் சொன்னார்.

நான் வானொலிப் படைப்பாளர். எனக்கு ஸ்பேனரில் பெரியது எது, சின்னது எது என்பதோடு சரி. ஆனால், என்ஜினைப் போட்டதுமே ஒரு சத்தம் என் காதைக் குத்தியது.

"அப்பா, கீச்சுனு கத்துதே!"

"எங்கே?"

"உங்க கால்கிட்ட."

தலையைச் சாய்த்துக் கேட்டார். "ஒண்ணும் இல்லையேம்மா."

எனக்குக் கை சில்லிட்டது. அத்தனை பெரிய சத்தம் அது.

அப்பா 1984ல் சிங்கப்பூர் வந்தவர். இருபது வருடத்துக்கு மேல் புல்வெட்டும் இயந்திரத்தைத் தோளில் மாட்டிக்கொண்டு சாலையோரம் நடந்தவர். காதுக்குப் பாதுகாப்பு என்றால் பஞ்சுதான். இன்று வேலையிடத்தில் எட்டு மணி நேரத்துக்கு 85 டெசிபல்தான் வரம்பு; 88 ஆனால் நாலு மணி நேரம்தான். தோளில் மாட்டும் இயந்திரம் இதைச் சுலபமாகத் தாண்டிவிடும். இரைச்சல் முதலில் தின்பது 4,000 ஹெர்ட்ஸ் பக்கத்திலுள்ள கூர்மையான ஒலிகளை. பேசுவது கேட்கும், சொல்தான் பிடிபடாது. அவருடைய போன பிறந்தநாளுக்குப் பெயர் சொல்லி ஒரு பாட்டு போட்டேன். மாலையில், "புரோகிராம் நல்லா இருந்துச்சு" என்றார். வேறு எதுவும் சொல்லவில்லை. கூச்சம் என்று நினைத்துக்கொண்டேன்.

இந்த வண்டியில் கிளட்ச் மிதித்துக் கியர் மாற்றும் வேலை கிடையாது. என்ஜினிலிருந்து ஒரு பெல்ட் பின்னால் போய்ப் பம்பைச் சுற்றுகிறது. பம்ப் எண்ணெயைத் தள்ளுகிறது. அந்த அழுத்தத்தில் சக்கரம் உருள்கிறது. பெல்ட் வழுக்கினாலும் வண்டி நிற்கும், எண்ணெய் கெட்டாலும் நிற்கும். அப்பா எண்ணெயை மட்டும் சந்தேகப்பட்டிருந்தார். பெல்ட்டின் கூச்சல்தான் அவருக்கு எட்டவில்லையே.

அடியில் படுத்துப் பார்த்தோம். பெல்ட்டின் ஓரம் கண்ணாடி மாதிரிப் பளபளத்தது. அதை இறுக்கிப் பிடிக்கும் சின்ன புல்லியைக் கையால் சுற்றினால் மணல் அரைபடுவது போலிருந்தது. அப்பா விரலை வைத்துப் பார்த்துவிட்டு, "பேரிங்" என்றார். விரலுக்குக் கேட்கிறது.

சாமான் வாங்க ஜாலான் புசார் போனோம். பெல்ட்டில் எண் அழிந்திருந்ததால் கடைக்காரர் அளந்துதான் எடுத்துக் கொடுத்தார். பேரிங் 6203, சில்லறைக் காசுதான். அப்படியே நடந்து லிட்டில் இந்தியாவில் சாப்பிட்டோம். பஃபலோ ரோட்டைக் கடக்கும்போது, "இங்க ஒரு காலத்துல மாட்டு வியாபாரமாம்மா. எருமைக்கு பெல்ட் மாத்த வேணாம்" என்று சிரித்தார். இரைச்சலான அந்தச் சாலையில் நான் சொன்ன பதில் அவருக்குக் கேட்கவில்லை. மறுபடி சொல்லவில்லை.

கியர்பாக்ஸைக் கழற்றிக் கவிழ்த்து எண்ணெயை வடித்தது மறுவாரம். அரைநாள் போயிற்று, என் விரல் ஒன்று நசுங்கியது. எண்ணெய் கறுத்து, அடியில் சாம்பல் நிற இரும்புப்பொடி. கையேட்டில் சொன்ன புது எண்ணெய் ஊற்றி, பின்சக்கரங்களை ஜாக்கியில் தூக்கி, காற்றை வெளியேற்ற பைபாஸ் நெம்புகோலைத் திறந்துவிட்டு மிதியை முன்னும் பின்னுமாக மெதுவாக மிதித்தார். நான் பக்கத்தில் குந்திக்கொண்டு கேட்டேன்.

"இப்ப எப்படி?"

"குளுகுளுன்னு சத்தம்."

"காத்து இன்னும் இருக்கு. இப்ப?"

"குறையுது... நின்னுடுச்சு."

நெம்புகோலை மூடி, சக்கரங்களை இறக்கினோம். பெல்ட் அமைதி. மண்மூட்டைகளோடு ஒரு மணி நேரம் ஓட்டிவிட்டு ஏற்றத்தில் விட்டார். ஏறியது. ஆனால், கியர்பாக்ஸுக்குள் மெல்லிய ஊளை ஒன்று மிச்சமிருந்தது. பம்ப் கொஞ்சம் தேய்ந்திருக்கிறது.

மேலே போய் நிறுத்திவிட்டு என்னைத் திரும்பிப் பார்த்தார். "ஏதாச்சும் சத்தம் இருக்கா?"

இல்லை என்று சொல்லிவிடலாம்தான்.

"இருக்குப்பா. லேசா ஊளையிடுது."

"சுமையைக் குறைச்சு ஓட்டுவோம்" என்றார். பிறகு கையைத் துடைத்துக்கொண்டே, "அந்தக் காது டாக்டர்கிட்ட என்னிக்குன்னு சொன்ன?"

"வியாழக்கிழமை."

"என்ன கிழமை?"

பக்கத்தில் போய்ச் சொன்னேன்.