பொறுமை இழந்த சதுக்கம்



லண்டன் மாநகரின் வெஸ்ட்மின்ஸ்டர் சுரங்க ரயில் நிலையத்தில் இறங்கிப் படியேறி வெளியே வந்தீர்களானால், முதலில் உங்கள் கண்ணில் படுவது பாராளுமன்றத்தின் மணிக்கூட்டுக் கோபுரமாகும். உலகம் அதனை பிக் பென் என்று அழைக்கிறது. உண்மையில் அது உள்ளே தொங்கும் பெரிய மணியின் பெயர். கோபுரத்துக்கு 2012 இல் எலிசபெத் கோபுரம் என்று பெயர் சூட்டினார்கள். இன்று அது புதுப்பொலிவோடு பளபளக்கிறது. 2017 முதல் சில ஆண்டுகள் அதன் கோலமே வேறு. திருத்த வேலைக்காகச் சுற்றிவரச் சாரம் கட்டியிருந்தார்கள். புதுவருடம் போன்ற விசேட தினங்களில் மாத்திரமே மணி ஒலித்தது. நேரம் தவறாமைக்குப் பெயர்போன அந்த ஊரில், குறித்த தவணைகள் ஒவ்வொன்றாய்த் தவறிப்போன ஒரு பேச்சுவார்த்தை நடந்ததும் அதே காலத்தில்தான்.

ஐரோப்பிய ஒன்றியத்தை நம்மில் மூத்தவர்கள் ஐரோப்பியப் பொதுச் சந்தை என்ற பழைய பெயரால் அறிவார்கள். 1973 ஜனவரி முதலாம் திகதி பிரித்தானியா அதில் சேர்ந்தது. அங்கத்துவ நாடுகளுக்கிடையே சுங்கத் தீர்வை இல்லை. ஒரு நாட்டின் பிரஜை மற்ற நாட்டில் குடியிருந்து தொழில் பார்க்கலாம். 2016 ஜூன் 23 ஆம் திகதி நடந்த சர்வஜன வாக்கெடுப்பில் 51.9 வீதத்தினர் விலக வேண்டும் என்றனர், 48.1 வீதத்தினர் இருக்க வேண்டும் என்றனர். இருப்பதா, விலகுவதா என்ற ஒரே கேள்விதான் வாக்குச் சீட்டில் இருந்தது. எந்த வாசலால் விலகுவது, எதை விட்டுவிட்டு எதைக் கையோடு எடுத்துச் செல்வது என்று எவரும் மக்களைக் கேட்கவில்லை. பிற்பாடு வந்த வில்லங்கம் முழுவதும் அங்கிருந்துதான் பிறந்தது என்பது என் கணிப்பு.

எங்கோ நடந்த இழுபறி நமக்கென்ன என்று நீங்கள் எண்ணக்கூடும். நமது பெண்பிள்ளைகள் தைக்கும் ஆடைகளுக்குப் பிரித்தானியா ஒரு முக்கியமான சந்தை. இலங்கை 2017 மே மாதத்தில் மீண்டும் பெற்றுக்கொண்ட ஜீ.எஸ்.பி. பிளஸ் சலுகையோ ஐரோப்பிய ஒன்றியத்தினுடையது. வெளியேறிய பிரித்தானியா தனக்கென்று வேறு சலுகைத் திட்டம் வகுக்க வேண்டி வந்தது. 2023 ஜூனில் நடைமுறைக்கு வந்த புதிய திட்டத்தில் நமது நாடும் இருக்கிறது.

சரி, வீதியைக் கடந்து பாராளுமன்றச் சதுக்கத்துக்குள் வாருங்கள். காந்தி, மண்டேலா, சேர்ச்சில் எனச் சிலைகள் நிற்கின்றன. பெண்களின் வாக்குரிமைக்காகப் பாடுபட்ட மிலிசென்ட் ஃபோசெட் அம்மையாரின் சிலையையும் பாருங்கள். 2018 ஏப்ரலில்தான் அதனை வைத்தார்கள். அதற்கு முன் அந்தச் சதுக்கத்தில் ஒரு பெண்ணின் சிலைகூட இருக்கவில்லை. அங்கிருந்து பாராளுமன்றக் கட்டடத்தை ஒட்டிச் சற்றுத் தூரம் நடந்தால் கொலேஜ் கிறீன் என்ற சிறிய புல்தரை வரும். தொலைக்காட்சி நிறுவனங்கள் அங்குதான் கூடாரம் அடித்திருந்தன. நீலக் கொடி ஏந்தியவர்கள் ஒரு பக்கம், பிரித்தானியக் கொடி ஏந்தியவர்கள் மறுபக்கம். அரசியல்வாதி ஒருவர் பேட்டி கொடுக்க வாயைத் திறந்தால் பின்னாலிருந்து இரு சாராரும் கூச்சலிடுவார்கள்.

மக்களுக்கு ஏன் அத்தனை எரிச்சல் என்று கேட்பீர்கள். பாராளுமன்றத்தின் உள்ளே நடந்ததைச் சொன்னால் விளங்கும். மக்கள் சபையில் உறுப்பினர்கள் 650 பேர்; உட்கார இடமோ 427 பேருக்குத்தான். வாக்கெடுப்பு என்றால் ஆம் என்போர் ஒரு நடைகூடத்தாலும், இல்லை என்போர் மறு நடைகூடத்தாலும் நடந்து செல்ல, தலைகளை எண்ணுவார்கள். பிரதமர் தெரேசா மே ஒன்றியத்துடன் பேசிக் கொண்டுவந்த உடன்படிக்கை 2019 ஜனவரி 15 இல் 202 க்கு 432 என்று படுதோல்வி கண்டது. மார்ச் 12 இல் 149 வாக்குகளால் மீண்டும் தோற்றது. மார்ச் 27 இல் உறுப்பினர்கள் தாமே 8 யோசனைகளை முன்வைத்து வாக்களித்தார்கள். எட்டுக்கும் பெரும்பான்மை கிடைக்கவில்லை! ஏப்ரல் முதலாம் திகதி நான்கை மீண்டும் எடுத்தார்கள், நான்கும் தோற்றன. அவற்றில் சுங்க ஒன்றியம் பற்றிய யோசனை தவறியது வெறும் 3 வாக்குகளால். எதை வேண்டாம் என்பதை அந்தச் சபை நன்றாக அறிந்திருந்தது. எதை வேண்டும் என்பதைத்தான் அதனால் சொல்ல முடியவில்லை.

மார்ச் 23 இல் மறு வாக்கெடுப்புக் கேட்டுப் பெருந்திரளானோர் லண்டன் வீதிகளில் ஊர்வலம் போனார்கள். விலகலையே கைவிடுங்கள் என்ற மனுவில் 60 இலட்சத்துக்கும் மேற்பட்டோர் ஒப்பமிட்டனர். மார்ச் 29 தான் விலகுவதற்கென்று முதலில் குறித்த நாள். அன்று மூன்றாம் தடவையும் உடன்படிக்கை தோற்க, வெளியே சதுக்கத்தில் விலக விரும்பியோர் கூடி, தமது வாக்கு களவாடப்பட்டதாகக் குமுறினார்கள். ஆறு நாள் இடைவெளியில் ஒரே ஊரில் கூடிய இரு கூட்டத்தாருக்கும் ஒருவரையொருவர் பிடிக்காது. பாராளுமன்றத்தின் மேலிருந்த கோபம் மாத்திரம் இருவருக்கும் பொதுவாக இருந்தது.

இந்தச் சலிப்பு அடுப்படி வரை வந்தது. கிழக்கு லண்டனில் வசிக்கும் என் மருமகளின் வீட்டில் சில நாட்கள் தங்கியிருந்தபோது அந்த மாதங்களைப் பற்றிச் சொன்னாள். உடன்படிக்கை இல்லாமல் விலகினால் துறைமுகங்களில் சாமான் தேங்கும் என்ற பேச்சில், அலுமாரி நிறைய அரிசியும் பருப்பும் டின் மீனும் வாங்கி அடுக்கியிருக்கிறாள். அவளுடைய மாமியாருக்குச் சீனி வருத்தம். தினமும் இன்சுலின் வேண்டும். அந்நாட்டுக்கு இன்சுலின் பெரும்பாலும் வெளியிலிருந்தே வருகிறது. ஆறு வாரத்துக்கு மேலதிக மருந்து சேமித்து வைக்கும்படி அரசாங்கம் மருந்துக் கம்பனிகளைக் கேட்டது. வீடுகளில் சேமிக்க வேண்டாம் என்று நோயாளிகளுக்குச் சொன்னது. அலுமாரியில் பருப்பை அடுக்கலாம், இன்சுலினை என்ன செய்வது? பிரதமர் மே அவர்களும் அதே நோய்க்கு இன்சுலின் ஏற்றிக்கொள்பவர் என்பதை இங்கே சொல்லத்தான் வேண்டும். "விலகினாலும் சரி, விலகாட்டியும் சரி, ஏதாச்சும் ஒண்ட செஞ்சி முடிச்சா போதும்ண்டு இருந்திச்சி மாமா" என்றாள் மருமகள். பக்கத்து வீடுகளில் இருந்த ஐரோப்பியருக்கு இதைவிடப் பெரிய கவலை. வருடக்கணக்காக வாழ்ந்த வீட்டில் தொடர்ந்து வாழ்வதற்கே அவர்கள் விண்ணப்பம் போட வேண்டியிருந்தது.

தென்கிழக்கே கென்ற் மாவட்டத்தில் நடந்த ஒரு கூத்தையும் சொல்லிவிடுகிறேன். டோவர் துறைமுகம் அடைத்துக்கொண்டால் லொறிகளை எங்கே நிறுத்துவது என்று பரீட்சிக்க, 2019 ஜனவரி 7 இல் மான்ஸ்டன் என்ற கைவிடப்பட்ட விமானத் தளத்துக்கு லொறிகளை வரவழைத்தார்கள். 150 எதிர்பார்த்த இடத்தில் வந்தவை 89. டோவரிலோ ஒரே நாளில் ஆயிரக்கணக்கான லொறிகள் போய்வரும். ஒத்திகையே இப்படியென்றால் நிஜம் எப்படியிருக்குமோ என்று மக்கள் சிரித்தார்கள்.

பேச்சுவார்த்தையின் உண்மையான முடிச்சு லண்டனில் இருக்கவில்லை. அதைப் பார்க்க நீங்கள் அயர்லாந்துக்கு வர வேண்டும். டப்ளினிலிருந்து பெல்ஃபாஸ்ட்டுக்கு பஸ்ஸில் போனால், நியூரி நகரை நெருங்கும்போது ஒரு நாடு முடிந்து மற்றது தொடங்குகிறது. சோதனைச் சாவடி இல்லை, வேலி இல்லை. வேக எல்லைப் பலகை கிலோமீற்றரிலிருந்து மைலுக்கு மாறுவதைக் கவனித்தால் உண்டு. சுமார் 500 கிலோமீற்றர் நீளமான இந்த எல்லையில் 200 க்கும் மேற்பட்ட இடங்களில் வீதிகள் குறுக்கிடுகின்றன. ஒரு காலத்தில் இங்கே இராணுவக் காவற் கோபுரங்கள் நின்றன. வட அயர்லாந்துக் கலவரங்களில் 3,500 க்கும் மேற்பட்டோர் மாண்டனர். 1998 ஏப்ரல் 10 இல் கைச்சாத்தான சமாதான உடன்படிக்கைக்குப் பின்னரே கோபுரங்கள் அகன்றன. எல்லை ஓரத்து மக்கள் இன்று கடைக்கும் பாடசாலைக்கும் நாடு விட்டு நாடு போய் வருகிறார்கள்.

பிரித்தானியா சுங்க ஒன்றியத்தை விட்டால் சாமான்களை எங்கோ ஓரிடத்தில் சோதித்தாக வேண்டும். இந்த வீதியில் சோதித்தால் சமாதானத்துக்குப் பங்கம். கடலில் சோதித்தால் ஒரே நாட்டின் இரு பகுதிகளுக்கு நடுவே எல்லை வந்துவிடும். மே அவர்களின் உடன்படிக்கை மூன்று தடவையும் இடறி விழுந்ததற்குப் பிரதான காரணம் இதுதான். வட அயர்லாந்து மக்களில் 55.8 வீதத்தினர் ஒன்றியத்தில் இருக்கவே வாக்களித்தவர்கள் என்பதையும் நினைவில் வையுங்கள்.

அவருக்குப் பின் 2019 ஜூலையில் பிரதமரான பொரிஸ் ஜோன்சன் இரண்டாவது வழியைத் தெரிந்தெடுத்தார். எப்படியாவது முடித்துவிடுகிறேன் என்று அவர் கேட்டதற்கு, சலித்துப்போயிருந்த நாடு டிசம்பர் 12 தேர்தலில் 365 ஆசனங்களைக் கொடுத்தது. 2020 ஜனவரி 31 இரவு 11 மணிக்குப் பிரித்தானியா வெளியேறியது. பிக் பென்னை அந்த நேரத்துக்கு அடிக்க வைக்க 5 இலட்சம் பவுண் வரை செலவாகும் என்றார்கள். ஆகவே சதுக்கத்தில் கூடியவர்கள் ஒலிபெருக்கியில் பதிவுசெய்த மணியோசையைக் கேட்டுக்கொண்டார்கள்.

வட அயர்லாந்தில் பேச்சு அத்தோடு ஓயவில்லை. இங்கிலாந்திலிருந்து கடல் கடந்து வரும் சாமான்களை பெல்ஃபாஸ்ட், லார்ன் துறைமுகங்களில் சோதிக்க நேர்ந்தது. அதற்கு எதிராகவும் சுவர்களில் எழுதினார்கள். 2023 பெப்ரவரியில் வின்சர் கட்டமைப்பு என்ற புதிய இணக்கத்துக்கு வந்த பிறகு, வட அயர்லாந்திலேயே விற்பதற்கென்று வரும் சாமான்களுக்குப் பச்சைப் பாதை, எல்லை தாண்டக்கூடியவற்றுக்குச் சிவப்புப் பாதை என்று பிரித்திருக்கிறார்கள். நியூரி வீதியில் மாத்திரம் பஸ் இன்னும் நிற்காமல் போகிறது.