ஜமக்காளமும் ஓடையும்

லவ்டேல், ஊட்டிக்கு முந்தின ஸ்டேஷன். அங்கே இருக்கும் நண்பர், ரிட்டயர்டு வாத்தியார், ஒரு பழைய வரைபடத்தைக் காட்டினார். சர்வே ஆஃப் இந்தியா, எண் 58ஏ/11. துணி ஒட்டி, மடிப்பெல்லாம் நைந்து, டீக்கறை வேறு. "ஸ்கேன் பண்ணி சுத்தம் பண்ணிக் குடுங்க சார். இன்னொரு தடவை விரிச்சா கிழிஞ்சுடும்."

55 செ.மீ. சதுரம், 600 டிபிஐ. ஃபைல் என்னவோ 40 எம்பிதான். திறந்ததும் அவருடைய ஒரு ஜிபி கம்ப்யூட்டர் (மாற்ற மாட்டேன் என்கிறார்) அப்படியே உறைந்துபோனது. பெருக்கிப் பாருங்கள். பக்கத்துக்கு 13,000 புள்ளி என்றால் மொத்தம் 17 கோடி. புள்ளிக்கு மூன்று வண்ணம், மூன்று பைட். 50 கோடி பைட்! ஜேபெக்கில் சுருண்டு கிடந்தது, மெமரியில் முழுசாக விரிந்துகொள்கிறது. கறை நீக்க இன்னொரு பிரதி என்றால் இன்னொரு 50 கோடி.

சின்ன வீட்டில் கல்யாண ஜமக்காளத்தை எப்படித் துடைப்பீர்கள்? ஒரு முழம் விரித்து, துடைத்து, மறுபக்கம் சுருட்டிக்கொண்டே போவீர்கள். அதேதான். 256 வரிகளாக எடுத்தால் ஒரு கோடி பைட் போதும். சர்வேக்காரர்களும் காகிதத்தில் இதைத்தான் செய்தார்கள். 58 என்பது நாலு டிகிரிச் சதுரம். அதைப் பதினாறாக்கினால் ஒரு துண்டு ஏ. ஏ-யையும் பதினாறாக்கினால் நம்முடைய 11. குன்னூருக்கு 15-ஐப் பிரிக்க வேண்டும். 2005-ல் வந்த கூகுள் மேப்ஸும் உலகத்தை 256 புள்ளிச் சதுரங்களாக நறுக்கித்தான் அனுப்பியது.

பெருமையாகக் காட்டினேன். நண்பர் முகம் மாறிவிட்டது.

"எங்க வீட்டுக்குக் கீழே போற ஓடை எங்கே சார்?"

போயிருந்தது. எது கறை, எது கோடு என்பதை ஒவ்வொரு துண்டும் தனித்தனியாகத் தீர்மானிக்கும்படி எழுதியிருந்தேன். காடு அடர்ந்த துண்டில் வெளிர்நீல ஓடை, கறையாகத் தெரிந்துவிட்டது. என் தப்பு.

"படத்துல இல்லேன்னா நாளைக்கு அங்கே ரிசார்ட் கட்டிட்டு, ஓடையே கிடையாதும்பான்."

ராத்திரி மாற்றி எழுதினேன். முதல் சுற்றில் துடைக்கக் கூடாது. எண்ண மட்டும் வேண்டும். எந்த வெளிச்சத்தில் எத்தனை புள்ளி என்று வண்ணத்துக்கு 256 எண்கள். படம் எத்தனை பெரிதானாலும் அதே 256தான். அதை வைத்து மொத்தப் படத்துக்கும் ஒரே அளவுகோல்; இரண்டாம் சுற்றில் துடைப்பு. துண்டுகளின் ஒட்டு தெரியாமலிருக்க, மேலும் கீழும் பக்கத்துத் துண்டிலிருந்து சில வரிகள் கடன்.

மடிப்பு ஓரத்தில் டீக்கறை கொஞ்சம் மிச்சம்தான். "அது இருக்கட்டும்" என்றார். திரையில் விரலை வைத்து ஓடையோடு மெதுவாக நகர்த்தினார்.

"இந்த வளைவுலதான் சார் என் பையன் வழுக்கி விழுந்து பல்லை உடைச்சுக்கிட்டான்."